வலது பாதம் மட்டும் சில்லென்று

கடைவீதியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அளவுக்காரர் என்பார்கள். ஒரு ஆள் படியேறி வரும்போதே காலைப் பார்த்து, "ஏழரை, ஆனா இடது கொஞ்சம் அகலம்" என்று சொல்லிவிடுவார். இரண்டு மாடிச் செருப்புக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பிழைக்கிறவர். முகங்கள் அவருக்கு அவ்வளவாக நினைவில் நிற்காது. கால்கள் நிற்கும்.

அவருடைய அக்காவைக் கட்டியவர் பஸ் டிரைவர். மச்சான் ஓட்டும் பதினேழாம் நம்பர் பஸ் கடைக்கு எதிரே உள்ள நிலையத்தில்தான் வந்து நின்று திரும்பும். நாளைக்கு ஆறு தடவை. ஆனாலும் இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அளவுக்காரர் புதிதாகக் குடிபோன வீட்டுக்கு உறவுக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மச்சான் பளபளவென்று புது ஷூ போட்டுக்கொண்டு வந்தார். மூன்று கடை தள்ளி இருக்கும் போட்டிக் கடையின் சரக்கு அது. ஓரத் தையலைப் பார்த்தே இவருக்குத் தெரிந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். "எந்தக் கடை மச்சான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"அளவெடுக்கும்போது வாயை மூடிக்கிட்டு எடுக்கற கடை."

வீடே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. "ஓட்டறது பஸ்ஸு, பேச்சு மட்டும் பிளேனு" என்று பதிலுக்கு ஒன்று போட்டார். இப்போது மச்சான் சிரிக்கவில்லை. வார்த்தை தடித்தது. சாப்பாடு பாதியில் நின்றது. அவ்வளவுதான் சங்கதி. அன்றிலிருந்து அக்காதான் நடுவில் கிடந்து அல்லாடினாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு தம்பியை ஒருநாள், புருஷனை ஒருநாள் என்று சமாதானப்படுத்திச் சமாதானப்படுத்தி அவளுக்கே அலுத்துவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்தே முக்கால் இருக்கும். அளவுக்காரர் ஒரு அம்மாளின் குதிகாலை ஷூவுக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார். பதினேழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர் அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"சார், உங்க மச்சான் சீட்ட விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறாரு. கால் வரலைங்கறாரு. யாரையும் கூப்பிட வேண்டாம்னும் சொல்றாரு. எனக்கு இங்க உங்களத்தான் தெரியும்."

அவர் கையில் இருந்த அளவுப் பலகையைக் கீழே வைத்தார். போவதா வேண்டாமா என்ற யோசனை கடை வாசல் வரைக்கும் கூட வந்தது. தெருவைக் கடக்கும்போது அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

பயணிகள் எல்லாரும் இறங்கிப்போயிருந்தார்கள். மச்சான் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நீ எதுக்கு வந்த?" என்றார். இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை.

"கூப்பிட்டாங்க, வந்தேன். கால்ல என்ன?"

"மரத்துப்போச்சு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நீ போய் வியாபாரத்தப் பாரு."

நிலையத்து டீக்கடைக்காரர் அதற்குள் ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். "சூடு வச்சு நல்லாத் தேய்ச்சு விட்டா ரத்தம் தானா ஓடும்" என்று குனிந்தவரை அளவுக்காரர் தோளில் கைவைத்து நிறுத்தினார். தானே மண்டியிட்டு உட்கார்ந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்து, காலுறையை உருவினார்.

பாதம் மெழுகு நிறத்தில் இருந்தது. இடது ஷூவையும் கழற்றி, இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பார்த்தார். இடது பாதம் வெதுவெதுப்பாக, வேர்வைப் பிசுபிசுப்போடு, சாதாரணமாக இருந்தது. வலது பாதம் சில்லென்று இருந்தது. பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த இடம் வெளுத்தபடியே நின்றது, சிவப்பு திரும்பவில்லை.

"விரலை ஆட்டுங்க மச்சான்."

"ஆட்டிட்டுத்தானே இருக்கேன்."

ஐந்து விரலும் அசையாமல் இருந்தன.

இப்படி ஒரு பாதத்தை அளவுக்காரர் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை தொட்டிருக்கிறார். நாலு வருடம் முன்னால், தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கடைக்கு வந்தார். நடந்தால் வலிக்கிறது, கொஞ்சம் தளர்வாக ஒரு ஜோடி வேண்டும் என்றார். ஒரு கால் மட்டும் குளிர்ந்து கிடந்தது கைக்குத் தெரிந்தது. நமக்கென்ன வந்தது என்று அரை சைஸ் பெரிதாக ஒன்று மாட்டி அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அதே மனிதர் சக்கர நாற்காலியில் போனார். கால்சட்டையின் ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே மடித்து ஊசி குத்தியிருந்தது. "ரத்த ஓட்டம் நின்னு போச்சாம். கொஞ்சம் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா" என்றாள் நாற்காலியைத் தள்ளிவந்த மகள். அந்த வார்த்தையை அளவுக்காரர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததாலேயே அது அவருக்குள் அப்படியே கிடந்தது.

"யாரும் தேய்க்காதீங்க, சூடும் வைக்காதீங்க" என்றார். "ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க."

"கால் மரத்ததுக்கா ஆம்புலன்சு?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆமா." அவர் மச்சானின் நனைந்த சட்டையை அண்ணாந்து பார்த்தார். "நெஞ்சு எப்படி இருக்கு?"

"மூணு நாளா வாயு. மாத்திரை போட்டுட்டுத்தான் இருக்கேன். உன் அக்காகிட்ட சொல்லித் தொலைக்காத."

கண்டக்டர் அம்மா அதற்குள் போனில் பேசி முடித்திருந்தாள். கால் எப்போது போனது என்று அளவுக்காரர் கேட்டபோது மச்சான் வேண்டா வெறுப்பாகச் சொன்னார். மேம்பாலத்தில் ஏறும்போது தொடையில் இருந்து பாதம் வரைக்கும் யாரோ கயிறு போட்டு இறுக்கின மாதிரி வலித்ததாம். இறங்கும்போது கால் இருக்கிற இடமே தெரியவில்லையாம். "கையால காலைத் தூக்கி ஓரமா வச்சுட்டு இடது காலால பிரேக் போட்டேன். கிளட்ச் இல்லாத புது வண்டி, பொழச்சோம். முப்பத்தெட்டு பேர உள்ள வச்சுக்கிட்டு நடுப் பாலத்துலயா நிறுத்த முடியும்?"

"அதான் வண்டி நத்தை மாதிரி வந்துச்சா" என்று கண்டக்டர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கழுத்தில் தொங்கிய டிக்கெட் மெஷினைத் தட்டினாள். பாலம் ஏறும் முன் கடைசியாக ஏறிய பெரியவருக்கு டிக்கெட் கொடுத்த நேரம் அதில் இருந்தது. பத்து இருபத்திரண்டு.

அளவுக்காரர் காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்தார். எழுதப் பேப்பர் தேடவில்லை. மச்சானின் கால்சட்டையைச் சுருட்டி, முழங்காலுக்குக் கீழே, தோல் மேலேயே, பெரிதாக 10.22 என்று எழுதினார்.

"என்னடா கிறுக்கற?"

"சும்மா இருங்க."

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குள் போனதும் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். காகிதம் நீளநீளமாக வெளியே வந்தது. இளம் டாக்டர் அதைப் பார்த்த வேகத்தில் மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஹார்ட் அட்டாக். ஊசி, மாத்திரை, போர்வை என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. போர்வை கால்களையும் மூடிவிட்டது.

"டாக்டர், கால்" என்றார் அளவுக்காரர்.

"சார், உயிர் முதல்ல. கால அப்புறம் பாக்கலாம். வெளிய நில்லுங்க."

நியாயமான பேச்சுதான். அவரும் வாசல் வரைக்கும் போனார். அதற்கு மேல் கால் நகரவில்லை. வாழ்க்கையில் சத்தம் போட்டு எதையும் கேட்டவரில்லை அவர். கடையில் வாடிக்கையாளர் திட்டினாலும் தலையாட்டிப் பழகியவர். திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"டாக்டர், இவரோட ரெண்டு காலையும் ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்க. அப்புறம் என்னைத் துரத்துங்க."

டாக்டர் நிமிர்வதற்குள், பக்கத்தில் நின்ற நர்ஸ் போர்வைக்குள் கைவிட்டாள். ஒரு பாதத்தைத் தொட்டாள். இன்னொன்றைத் தொட்டாள். பிறகு அலமாரியில் இருந்து கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்துவந்து, பசை தடவி, இடது பாதத்தின் மேல் வைத்தாள். உஷ், உஷ், உஷ் என்று ரத்தம் ஓடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வலது பாதத்தில் வைத்தாள். நிலையம் பிடிக்காத ரேடியோவின் இரைச்சல் மட்டும் வந்தது. இடம் மாற்றி மாற்றி வைத்தாள். அதே இரைச்சல்.



"எப்பலேர்ந்து இப்படி?" என்றார் டாக்டர், குரல் தாழ்ந்து.

அளவுக்காரர் போர்வையை விலக்கிக் காட்டினார்.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"நீங்க எந்த ஆஸ்பத்திரி?"

"செருப்புக் கடை" என்றார் அவர்.

அக்கா வந்து சேர்ந்தபோது ஹோட்டல் சலவைப் பிரிவின் நீலச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் கஞ்சி வாசனை அடித்தது. புருஷனும் தம்பியும் ஒரே அறையில் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு டாக்டர்கள் பக்கம் திரும்பினாள். இதயத்துக்கு ஒரு டாக்டரம்மா, ரத்தக் குழாய்க்கு ஒரு சர்ஜன் என்று இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"மூணு நாளைக்கு முன்னாடியே அட்டாக் ஆரம்பிச்சிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "இதயத்துல ஒரு பக்கத்துச் சுவர் சரியா அடிக்கல. அடிக்காத எடத்துல ரத்தம் தேங்கும், தேங்கினா உறையும். அந்தக் கட்டியில ஒரு துண்டு பிச்சுக்கிட்டுப் போய்த் தொடை இடுக்குல குழாய அடைச்சிருக்கு. நெஞ்சுலயும் அடைப்பு அப்படியே இருக்கு. ரெண்டையும் இன்னிக்கே பாக்கணும்."

"எது முதல்ல?"

"இதயம். கை மணிக்கட்டு வழியாப் போய்த் திறப்போம். முடிஞ்ச கையோட காலு."

"முழு மயக்கம் குடுத்தா இதயம் தாங்காது" என்றார் சர்ஜன். "தொடைய மட்டும் மரத்துப்போக வச்சு, நுனியில பலூன் வச்ச ஒரு மெல்லிசு டியூப விட்டு, கட்டிய இழுத்து எடுப்பேன். ஆறு மணி நேரத்துக்குள்ள ரத்தம் திரும்பினா நல்லது. ஆரம்பிச்ச நேரம் தெரிஞ்சது பெரிய விஷயம். நாலே கால் வரைக்கும் கையில இருக்கு."

அக்கா சம்மதக் காகிதத்தை வாங்கினாள். கால் தங்காமல் போகலாம் என்ற வரியில் விரலை வைத்து ஒருமுறை, இதயம் நின்றுபோகலாம் என்ற வரியில் வைத்து ஒருமுறை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். 

தள்ளுகட்டில் நகரும்போது மச்சான் தலையைத் திருப்பினார். "மாப்ள."

"சொல்லுங்க."

"எடுத்துருவாங்களா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "தெரியல மச்சான். எடுக்காம இருக்கத்தான் ஓடறாங்க."

மச்சான் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே போனார். "எடுத்துட்டா உங்க கடையில ஒத்தை ஷூ தருவாங்களா?"

"அதெல்லாம் உங்க கடையில கேளுங்க."

அக்கா தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். ஆனால் மச்சானின் வாயோரம் லேசாகக் கோணியதை அவளும் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருவரும் உட்கார்ந்தார்கள். மணி பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டே முக்காலுக்கு ஒருவர் எட்டிப் பார்த்து, "நெஞ்சுல அடைப்பு எடுத்தாச்சு, ஸ்டென்ட் வச்சாச்சு, இப்ப கால்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அளவுக்காரர் அப்போதுதான், நாலு வருடமாக வாயில் வராத தபால் ஆபீஸ் மனிதரின் கதையைச் சொன்னார். அரை சைஸ் பெரிதாகப் போட்டு அனுப்பியதையும் மறைக்கவில்லை.

"இன்னிக்குச் சொன்னியே" என்றாள் அக்கா. பிறகு, "அவரு உன் கடைக்கு நேரா வரும்போது வேணும்னே ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாரு. தெரியுமா?"

"தெரியும். நான் அதுக்குன்னே முதுகக் காட்டி உக்காருவேன்."

"ரெண்டும் உருப்படாத ஜென்மங்க" என்றாள் அக்கா.

இரண்டேகாலுக்கு சர்ஜன் வந்தார். தொப்பியைக் கழற்றாமல், ஒரு சிறிய தட்டைக் காட்டினார். கருஞ்சிவப்பாக, சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு துண்டு, அரிசி அரிசியாகக் கொஞ்சம். இவ்வளவுதானா என்று இருந்தது அளவுக்காரருக்கு. "பாதத்துல நாடி வந்துடுச்சு. சூடு மெதுவா ஏறுது. ஆனா முழுசா நிம்மதியா இருக்க நான் சொல்லமாட்டேன். பட்டினி கிடந்த சதைக்குத் திடீர்னு ரத்தம் போனா வீங்கும். பாக்கணும்."

அவர் சொன்னபடியே மறுநாள் காலை கெண்டைக்கால் கல் மாதிரி வீங்கி இறுகியது. இறுக்கம் தளர இரண்டு பக்கமும் தோலையும் தசையைச் சுற்றிய உறையையும் கீறித் திறந்துவிட்டார்கள். காயத்தைத் தைக்காமல் ஒரு வாரம் கட்டுப் போட்டே வைத்திருந்தார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் மச்சான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் தன் வலியை மறந்துவிட்டாராம். சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை கறுத்தே இருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற நாலும் பிழைத்தன.

அளவுக்காரர் தினமும் கடை திறக்கும் முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். கையைக் கழுவிக்கொண்டு முதல் வேலையாக இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்ப்பார். நர்ஸுகள் அவரைப் பார்த்ததுமே வழிவிட்டார்கள். "என் காலை விட்டா உனக்கு வேற காலே கிடைக்கலையா?" என்பார் மச்சான். இரண்டு வருடம் பேசாமல் சேர்ந்துபோன பேச்சையெல்லாம் இருவரும் அங்கே பேசித் தீர்த்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவே இல்லை. யாருக்கும் அது குறையாகவும் படவில்லை.

உண்மையான கஷ்டம் பதினைந்தாம் நாள் வந்தது. இனிமேல் பயணிகள் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். இதயம் பாதி பலத்தோடுகூட ரத்தத்தைத் தள்ளவில்லை, காலிலும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. மச்சான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டாக்டரம்மா போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. விரல் போனபோதுகூட அப்படி இருந்ததில்லை. இருபத்தாறு வருடம் ஓட்டியவர்.

மூன்றாம் நாள் கண்டக்டர் அம்மா பார்க்க வந்தாள். ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, அன்னிக்கு பாலத்துக்கு முன்னாடி கடைசியா ஏறின பெரியவரு தெனம் என்கிட்ட உங்களக் கேக்கறாரு" என்றாள். "வண்டி ஏன் மெதுவாப் போச்சுன்னு அன்னிக்கு என்னைத் திட்டினவரு அவருதான். விஷயத்தச் சொன்னதும் அப்படியே உக்காந்துட்டாரு." மச்சான் திரும்பவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நடைப் பயிற்சிக்கு ஆள் வந்தபோது, தானாகவே எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இருபது அடி நடக்கச் சொன்னார்கள். முப்பத்தொன்று நடந்தார். திரும்பி வரத் தெம்பில்லாமல் நடைபாதையில் நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். அதற்கும் திட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்தபிறகு தெருமுனை வரை நடை, பிறகு பூங்கா வரை நடை. துணைக்குப் போன அளவுக்காரருக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது. "உன் நெஞ்சையும் ஒருக்கா காட்டிட்டு வா" என்று மச்சான் விரட்ட, அவரும் போய்க் காட்டினார். ரத்தக் கொதிப்பு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே டப்பாவில் நாள் பிரித்து மாத்திரை வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். மாத்திரை மாறிப்போகும் என்று அக்கா கத்தி, டப்பாவைப் பிடுங்கி இரண்டாக்கினாள். டெப்போவில் வண்டிகளை ரேடியோவில் வழிநடத்தும் அறையில் மச்சானுக்கு ஒரு இடம் கொடுத்தார்கள். எந்தத் தெருவில் எந்த நேரம் நெரிசல் என்பது மனப்பாடமாக இருந்தவருக்கு அந்த வேலை ஒரு வாரத்தில் பிடிபட்டது. பிடித்தது என்று சொல்ல மேலும் இரண்டு மாதம் ஆனது.

ஆறாம் மாதம் இதயத்தை மறுபடி படம் பிடித்தார்கள். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். கட்டி இருந்த இடம் சுத்தமாக இருந்தது. அசையாமல் கிடந்த சுவர் முழுதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்னும்படி அசைந்தது. "முன்னைக்கு இப்ப நல்ல முன்னேற்றம்" என்றார். சர்ஜன் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் எண்ணிவிட்டு, "போங்க, போய் நடங்க" என்றார்.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். அளவுக்காரர் ஆட்டோ பிடிக்கப் போனார். மச்சான் வேண்டாம் என்றார். நிறுத்தத்தில் பதினேழாம் நம்பர் பஸ் வந்து நின்றது. கைப்பிடியைப் பிடித்து, இடது காலை முதலில் வைத்து, பிறகு வலது காலை நிதானமாக எடுத்து வைத்து ஏறினார். பயணியாக அவர் பஸ்ஸில் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆனதென்று அவருக்கே தெரியவில்லை. ஜன்னலோர இடம் கிடைத்தது.

முதல் இரண்டு நிறுத்தம் வரைக்கும் டிரைவர் பிரேக் போடும் விதத்தைக் குறை சொன்னார். அக்கா முறைத்ததும் வெளியே பார்க்க ஆரம்பித்தார். இருபத்தாறு வருடத்தில் பத்தொன்பது வருடம் அவர் தினமும் ஆறு தடவை போய்வந்த சாலை. ஒரு வளைவில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, பச்சைத் தண்ணீரோடு ஒரு சின்னக் குளம் தெரிந்தது. ஓரத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். நாலைந்து வாத்துகள் வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன.

"மாப்ள" என்று முன் இருக்கையில் இருந்தவரின் தோளைத் தட்டினார் மச்சான். "இங்க எப்ப குளம் வெட்டினாங்க?"

"அது எப்பவும் இங்கதான் இருக்கு மச்சான். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டிருந்தீங்க."

மச்சான் கழுத்தைத் திருப்பி, பஸ் வளைவைத் தாண்டிக் குளம் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.